வெயில் நாட்டுக் காரில் ஒழுகிய ஹீட்டர்

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் கேமரன் மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கிக்கொண்டிருந்தேன். ரிங்லட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மாலை மணி ஆறரை இருக்கும். தாப்பா வரைக்கும் வளைவுக்கு மேல் வளைவு. முன்கண்ணாடியின் உட்புறம் மெல்ல மங்கத் தொடங்கியது. மழையில் இது வழக்கம்தான் என்று ஏர்கோன் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, கொஞ்சம் சூட்டையும் சேர்த்தேன். வழக்கமாக ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும் கண்ணாடி அன்று மேலும் மங்கியது. விசிறியைக் கூட்டினேன். இன்னும் மோசமானது. மனைவி துணியால் துடைத்தார். துடைத்த இடம் எண்ணெய் பூசியதுபோல் ஆகி, எதிரே வந்த லாரியின் விளக்கு கண்ணாடி முழுவதும் சிதறியது. எனக்குச் சாலையே தெரியவில்லை. பின்னிருக்கையிலிருந்து என் மகள் கேட்டாள்: "அப்பா, என்ன மிட்டாய் வாசனை அடிக்குது?"

காரை ஓரங்கட்டி, மழை விடும் வரை காத்திருந்து, விசிறியை அணைத்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, ஆமை வேகத்தில் தாப்பாவுக்கு வந்து சேர்ந்தோம். மிட்டாய் வாசனைக்குக் காரணம் ஹீட்டர் கோர் என்ற சிறிய பாகம் என்று மறுநாள் தெரிந்தது.

மாணவர்களே, "நம் நாட்டில் காருக்கு எதற்கு ஹீட்டர்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. இங்கே விற்கப்படும் பல சிறிய கார்களில் அது பொருத்தப்படுவதே இல்லை. ஆனால் என்னுடையது வெளிநாட்டிலிருந்து வந்த இருபது வயதுக் கார். குளிர்நாட்டுச் சாலைகளுக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது.

ஹீட்டர் கோர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். ஒரு பாடநூலைவிடச் சற்றுச் சிறிதாக, டாஷ்போர்டுக்கு உள்ளே ஆழத்தில் ஒளிந்திருக்கும். இன்ஜினைச் சுற்றிச் சூடேறி வரும் கூலன்ட் இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக இதற்குள் புகுந்து வெளியேறும். விசிறிக் காற்று இதன் தகடுகளுக்கிடையே பாய்ந்து சூடாகும். பெட்ரோல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதில்லை. புகைக்குழாயிலும் கூலன்ட்டிலும் வெப்பமாகப் போய்விடுகிறது. அந்த வீண் வெப்பத்தில் கொஞ்சத்தைக் காருக்குள் திருப்பிவிடுவதுதான் ஹீட்டரின் வேலை. தனி எரிபொருள் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்புகளில் இதுவும் ஒன்று.

அது ஒழுகினால் என்ன ஆகும்? சூடான கூலன்ட் விசிறிக் காற்றோடு ஆவியாகவும் துளியாகவும் கிளம்பி, குளிர்ந்த கண்ணாடியில் படியும். நீர் காய்ந்துவிடும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் எளிதில் ஆவியாகாது. 197 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். அதனால்தான் துடைத்தாலும் போகாத அந்த எண்ணெய்ப் படலம். நான் விசிறியைக் கூட்டக் கூட்ட, கண்ணாடிக்கு அதிகக் கூலன்ட்டை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கம்பளம் ஈரமாக இருந்தாலே ஹீட்டர் கோர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊரில் காருக்குள் ஈரம் கண்டால் பெரும்பாலும் காரணம் ஏர்கோன்தான். கூலிங் காயிலில் படியும் நீர் வெளியேறும் குழாய் குப்பை அடைத்துக்கொண்டால், அந்த நீரும் முன்பயணியின் காலடிக்குத்தான் வரும். வித்தியாசம் காண வெள்ளை டிஷ்யூ ஒன்று போதும். ஏர்கோன் நீருக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. கூலன்ட் நிறம் காட்டும், வழுக்கும், இனிப்பாக மணக்கும். நாக்கில் வைத்து மட்டும் பார்க்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. "ஈரமாக இருக்கிறது" என்பது உற்றறிதல். "ஹீட்டர் கோர் ஓட்டை" என்பது ஊகித்தல். இரண்டாம் படிவத்தில் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டும் அதே வேறுபாடு. என் டிஷ்யூவில் தேநீர் நிறத்தில் ஒரு கறை வந்தது. பச்சையோ சிவப்போ வந்திருக்க வேண்டிய இடத்தில் தேநீர் நிறம்! அதை அப்போது நான் கவனிக்கத் தவறினேன்.

பட்டறையில் இரண்டு வழி சொன்னார்கள். முழுதாக மாற்ற 1,100 வெள்ளி. பாகம் மலிவுதான், டாஷ்போர்டைக் கழற்றும் கூலிதான் அதிகம். அல்லது 30 வெள்ளிக்கு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே ஒதுக்கிவிடலாம். "இங்க யாரு சார் ஹீட்டர் போடுறா?" என்றார் மெக்கானிக். அவர் சொன்னது தவறில்லை. நடுவழியில் அது உயிர் காக்கும் வைத்தியம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது: அது ஏன் ஓட்டையானது?

நானே மாற்றுகிறேன் என்றதும் வீட்டில் பெரிய எதிர்ப்பு அப்பாவிடமிருந்துதான். அவர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். வாழ்நாள் முழுதும் கை கறுத்தவர். "உன்னை எதுக்குப் படிக்க வெச்சேன்? கையில கிரீஸ் படக் கூடாதுன்னுதான்," என்றார். அந்தச் சொல்லின் பின்னால் இருக்கும் வலி எனக்குத் தெரியும். ஆயினும் அதை ஏற்க மனமில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வேலைக்கு மூன்று நாள் பிடித்தது. முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்தேன். டாஷ்போர்டுக்குள் காற்றுப்பை இருக்கிறது. பேட்டரியைத் துண்டித்த பிறகும் சிறிது நேரம் அதன் சுற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே மாணவர்களாகிய நீங்கள் பெரியவர் துணையின்றி டாஷ்போர்டைத் தொடக் கூடாது. பிறகு ஆறிய இன்ஜினிலிருந்து கூலன்ட்டை வாளியில் பிடித்தேன். "ஆறிய" என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் என்று ஒரு சிறு கணக்குப் போடுவோம். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் ஏறினால் நீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். உள்ளே 110 டிகிரியில் 5 கிலோகிராம் நீர் அமைதியாக இருக்கிறது என்று வையுங்கள். மூடியைத் திறக்கிறீர்கள். அழுத்தம் போகிறது. இனி அந்த நீர் 100 டிகிரிக்கு மேல் நீராக இருக்க முடியாது. கூடுதல் 10 டிகிரியின் வெப்பம் 5 × 4,200 × 10, அதாவது 210,000 ஜூல். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,260,000 ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 93 கிராம் நீர் நொடிகளில் ஆவியாகிறது. 93 கிராம்தானே என்று நினைக்காதீர்கள். அது 150 லிட்டருக்கும் மேற்பட்ட நீராவி. மீதிக் கொதிநீரையும் முன்னே தள்ளிக்கொண்டு உங்கள் முகத்துக்கு நேரே வரும். அப்பாவின் வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு தழும்பு உண்டு. தோட்டத்து லாரியின் மூடியை அவசரத்தில் திறந்த நாளின் அடையாளம் அது. சிறுவயதில் அதை நான் தடவிப் பார்ப்பேன். அதற்குப் பின்னால் இருந்த கணக்கைப் போட எனக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

குழாய்களைக் கழற்றுவது எளிதாக இல்லை. பழைய ரப்பர் உலோகக் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தால் உலோகம் வளையும் என்பதால், எப்படியும் மாற்றப்போகும் ரப்பரை நீளவாக்கில் கீறி எடுத்தேன். கையுறைப் பெட்டி, நடுப்பலகை, வானொலி, கணக்கற்ற திருகாணிகள். எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று மறக்காமல் இருக்க முட்டை அட்டையின் ஒவ்வொரு குழிக்கும் எண் போட்டு வைத்தேன்; ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்தேன். இருந்தும் கடைசியில் இரண்டு திருகாணிகள் மிஞ்சின. இன்றுவரை அவை எங்கள் சமையலறை இழுப்பறையில்தான் இருக்கின்றன.

ஒரு வேலையை மட்டும் நான் தொடவில்லை. என் காரில் கூலிங் காயிலும் ஹீட்டரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஏர்கோன் வாயுவை வெளியேற்றியாக வேண்டும். அதைக் காற்றில் திறந்துவிடுவது மிக எளிது. இரண்டு நிமிட வேலை. ஆனால் பெரும்பாலான பழைய கார்களில் உள்ள ஆர்-134ஏ வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். ஓசோனைக் கெடுத்த பழைய வாயுக்களுக்குப் பதிலாக வந்தது இது. ஓசோனுக்குத் தீங்கு செய்யாது, வேறு வகையில் தீங்கு செய்யும். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. எனவே உரிய இயந்திரம் உள்ள ஏர்கோன் கடையில் பணம் கொடுத்து வாயுவை உறிஞ்சி எடுக்கச் செய்தேன். நாமே செய்வது நல்லதென்று வாதிடுகிறவன் நான். எதைச் செய்யக் கூடாது என்று அறிவதையும் அந்த வாதத்தில் சேர்த்தே சொல்கிறேன்.

பழைய கோர் கைக்கு வந்ததும் அதன் ஒரு வாயை அடைத்து, வாளி நீரில் அமிழ்த்தி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்தேன். ஓரத் தையலில் ஓர் இடத்திலிருந்து மணிமணியாகக் குமிழி கிளம்பியது. மகள் கைதட்டினாள். அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பூப்போல் உப்பு பூத்திருந்தது. உள்ளே பழுப்புச் சேறு. தேநீர்க் கறை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இதுக்குள்ள என்ன ஊத்துனீங்க அப்பா?"

"தண்ணிதான். வாரா வாரம் பார்த்து ஊத்துறேன். வேற என்ன?"

அந்தக் காரை முன்பு சில ஆண்டுகள் அப்பாதான் ஓட்டினார். குறையும்போதெல்லாம் வீட்டுக் குழாய் நீரைப் போத்தலில் பிடித்து ஊற்றியிருக்கிறார். மிச்சமிருந்த கொஞ்சம் கூலன்ட்தான் மிட்டாய் வாசனை. அவரைக் குறை சொல்வதற்கு முன் அவருடைய வாதத்தைக் கேளுங்கள். "தண்ணிதான் சூட்டை நல்லா இழுக்கும். நம்ம ஊருல என்ன பனியா பெய்யுது?"

இயற்பியல் பாடத்தின்படி அப்பா சொன்னது முற்றிலும் சரி! உங்கள் பாடநூலில் 'முவாத்தான் ஹாபா தெந்து' என்று வரும் தன்வெப்பக் கொள்ளளவு நீருக்கு 4,200. பாதி நீர், பாதி கிளைக்கால் கலந்த கூலன்ட்டுக்கு ஏறத்தாழ 3,500தான். அதாவது வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் நீரே கெட்டிக்காரன். உறைவதைத் தடுக்கும் குணமும் நம் நாட்டில் வேண்டியதில்லை. வெப்பம் என்ற அத்தியாயத்தை மட்டும் படித்த மாணவன் அப்பாவின் பக்கம்தான் நிற்பான். தேர்வில் முழு மதிப்பெண்ணும் வாங்குவான்.

அவன் காரும் ஒழுகும். விடையின் மீதி வேதியியல் புத்தகத்தில் இருக்கிறது. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம். குழாய் நீரில் கரைந்துள்ள குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். இன்ஜினில் இரும்பும் அலுமினியமும் ஒரே நீரில் நனைந்திருக்கின்றன. இரு வேறு உலோகங்கள், நடுவில் அயனிகள் உள்ள நீர். எலுமிச்சம்பழத்தில் இரண்டு தகடு செருகிச் செய்வீர்களே, அந்த மின்கலத்தின் உறவுக்காரன்தான் இது. கூலன்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் உலோகப் பரப்பைக் காத்து இந்த வேலையை மந்தப்படுத்துகின்றன. ஆண்டுக்கணக்கில் நீரை ஊற்ற ஊற்ற அவை நீர்த்துப்போயின. வெப்பமண்டலத்தில் நமக்குக் கூலன்ட் தேவைப்படும் முதன்மைக் காரணம் இதுவே. கொதிநிலை சற்று உயர்வது இரண்டாவது லாபம்.

அப்பாவின் பழக்கமும் பிழையிலிருந்து பிறந்ததல்ல. அவர் ஓட்டிய பழைய லாரியில் இன்ஜின் கனத்த இரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஒழுகினால் ஈயப்பற்று வைத்து அடைத்துவிடலாம். அந்த வண்டி குழாய் நீரைப் பொறுத்துக்கொண்டது. மெல்லிய அலுமினியம் பொறுத்துக்கொள்ளவில்லை.

இப்போது 30 வெள்ளி வைத்தியத்தை மீண்டும் பாருங்கள். ஹீட்டரை ஒதுக்கியிருந்தால் கண்ணாடி தெளிந்திருக்கும். 1,100 வெள்ளி கொடுத்துப் பாகத்தை மட்டும் மாற்றியிருந்தாலும் தெளிந்திருக்கும். இரண்டிலுமே பழுப்பு நீர் அப்படியே சுற்றிக்கொண்டிருந்திருக்கும். அடுத்து ரேடியேட்டரோ நீர்ப்பம்போ புதிய கோரோ துளைந்திருக்கும். பாகத்தை மாற்றுவதை நான் பழுதுபார்ப்பு என்று ஒப்புக்கொள்வதில்லை. காரணத்தை மாற்றினால்தான் அது பழுதுபார்ப்பு. நான் முழுச் சுற்றையும் கழுவி, வாலைவடிநீர் கலந்த புதிய கூலன்ட்டை நிரப்பினேன். வாளியில் பிடித்த பழையதைச் சாக்கடையில் கொட்டவில்லை. 2005ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவுகள் விதிமுறைகளில் கழிவு எத்திலீன் கிளைக்காலும் இடம்பெற்றிருக்கிறது. தவிர, எங்கள் லோரோங்கில் பூனைகள் அதிகம். இனிப்பு நஞ்சு அவற்றுக்கு எமன். மூடிய கலனில் பட்டறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்தது என்று இன்ஜினை இயக்கினால், வெப்பமுள் ஏறிக்கொண்டே போனது. ஹீட்டரைத் திறந்தால் குளிர்ந்த காற்று. இன்ஜின் கொதிக்கிறது, ஹீட்டர் குளிர்கிறது! உடனே அணைத்துவிட்டேன். ஒன்றும் புரியாமல் நான்காம் படிவ மாணவர்களின் புலனக் குழுவில் ஒரு காணொளியைப் போட்டு, "காரணம் என்னவாக இருக்கும்?" என்று கேட்டேன். புதிர்போலக் கேட்டேனே தவிர, உண்மையில் எனக்கே விடை தெரியவில்லை.

பத்து நிமிடத்தில் ஒரு மாணவனிடமிருந்து பதில் வந்தது. இயற்பியல் சோதனையில் நாற்பதைத் தாண்டாதவன். சனி ஞாயிறுகளில் தன் மாமாவின் பட்டறையில் உதவிக்கு நிற்பவன். "சார், உள்ள காத்து மாட்டிக்கிச்சு. ஆறட்டும். முன்சக்கரம் ரெண்டையும் மேட்டுல ஏத்தி, மூடி இருக்கிற பக்கம் உசரமா இருக்கட்டும். ஹீட்டரை ஃபுல்லா சூட்டுல வைங்க. மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணி, குமிழி நிக்கிற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருங்க."

அப்படியே செய்தேன். குமிழிகள் வந்தன. நின்றன. ஹீட்டரில் சூடான காற்று வந்தது. பாய்மத்தில் காற்று மேலே ஏறும், மிக உயர்ந்த இடத்தில் தங்கும், தங்கிய இடத்தில் ஓட்டத்தைத் தடுக்கும் என்பதை நான் ஒன்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். அவன் அதைச் செய்து அறிந்தவன். என் சோதனைத் தாள் அவனிடம் அதைக் கேட்டதே இல்லை. திறமையற்றது மாணவனா, தாளா?

இதற்காகத்தான் அப்பாவின் சொல்லை ஏற்க மறுத்தேன். நம் சமூகத்தில் கை அழுக்காவதைத் தோற்றவர்களின் தலையெழுத்தாகவே பார்க்கிறோம். தொழிற்கல்லூரிக்கு ஒரு பிள்ளை போனால், "என்ன, மார்க் இல்லையா?" என்று விசாரிக்கிறோம். தோட்டத்துத் துன்பத்திலிருந்து பிள்ளைகளைக் கரையேற்ற நினைத்த தலைமுறைக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஒழுகும் கோர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எது உற்றறிதல், எது ஊகித்தல், எதைச் சோதித்தால் எது விலகும் என்று யோசிப்பவன் அறிவியல்தான் செய்கிறான். பள்ளியில் நாங்கள் வெப்பத்தை ஒரு மாதம், அரிப்பை மறு ஆண்டு என்று துண்டு போட்டுக் கொடுக்கிறோம். பழுதான பொருளுக்கு அத்தியாயம் தெரியாது.

ஆகவே என் கோரிக்கை, என்னையும் சேர்த்து ஆசிரியர்களுக்கு: தவணைக்கு ஒருமுறையாவது வகுப்புக்கு ஒரு கெட்டுப்போன பொருளைக் கொண்டு வாருங்கள். மின்விசிறி, மிதிவண்டி டைனமோ, ஒழுகும் குழாய்த்தலை, எதுவானாலும். அதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஏன் கெட்டது என்று எழுதட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். பாடத்திட்டம் முடியாது என்ற பதில் எனக்குத் தெரியும். அதை நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

செலவுக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாகம், ரப்பர் குழாய்கள், கூலன்ட், ஏர்கோன் வாயு எல்லாம் சேர்த்து 520 வெள்ளி. மூன்று நாள் உழைப்பைக் கூலியாகக் கணக்கிட்டால் மெக்கானிக்கே மலிவு. பணம் மிச்சமாகும் என்று யாரும் இதில் இறங்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக் காரில் இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலையில், இன்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது, பெரியவர் ஒருவரோடு பானெட்டைத் திறந்து, கூலன்ட் சேமிப்புத் தொட்டியை வெளியிலிருந்தே பாருங்கள். எந்த மூடியையும் திறக்க வேண்டாம். மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா, நிறம் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். தேநீர் நிறமாக இருந்தால் யார் எதை ஊற்றினார்கள் என்று விசாரியுங்கள், மரியாதையாக விசாரியுங்கள். எங்கள் வீட்டில் அப்பா அந்தத் தொட்டியில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் பார்த்து, சமையலறை நாள்காட்டியில் எழுதுகிறார். பதினோரு வாரமாக அந்தக் கோட்டிலிருந்து மட்டம் இறங்கவில்லை.